உடலின் இழையும் உறுப்பும்

ஆழ்வார்திருநகரி ஆதிநாதர் கோயிலின் உறங்காப்புளியைக் கண்டிராத அங்கத்தினர் நம்மில் அரியர். அடிமரத்தில் பொந்து விழுந்திருந்தும் அது தளிர்த்து நிற்கின்றது. மரத்தின் உயிர் நடு வயிரத்தில் இல்லை. பட்டைக்கு அடியிலுள்ள மெல்லிய படலத்திலேயே உள்ளது. ஓர் உயிரின் பகுதிகள் யாவும் ஒன்றாக வாழ்ந்து ஒன்றாக மடிவதில்லை என்னும் இவ்வுண்மை மனித உடலுக்கும் பொருந்தும்.

நம் உடலில் ஏறத்தாழ 37 இலட்சம் கோடி உயிரணுக்கள் உள்ளன என்பது ஒரு மதிப்பீடு. ஓரினத்து அணுக்கள் கூடி ஒரு தொழிலைச் செய்யுங்கால் அது திசு எனப்படும். பிரெஞ்சு மருத்துவர் பிஷா, 1801-இல் வெளியிட்ட நூலில், உருப்பெருக்கியின் துணையின்றியே 21 வகைத் திசுக்களைப் பிரித்துரைத்தார். அவர் மொழியில் அச்சொல்லுக்கு நெய்யப்பட்டது என்பதே பொருள்! இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் ‘இழையம்’ என்கின்றன. தறியை அறிந்த நமக்கு அதுவே இனிய சொல் என்பேன். இழையங்கள் பல இணைந்தது உறுப்பு. இதயம், குருதி, குருதிக்குழாய்கள் ஆகியவை சேர்ந்தது குருதியோட்ட மண்டலம். இத்தகைய மண்டலங்கள் பல இசைந்து இயங்குவதே உடல். (சங்கத்தாரை அங்கத்தினர் என்பதும் உடலிலிருந்து பெற்ற வழக்கே.)

இனி மரணத்தைப் பார்ப்போம். மூளை மீளா வகையில் செயலிழந்த பின்னரும், செயற்கைச் சுவாசத்தின் துணையால் இதயம் சிறிது காலம் துடிக்கும். துடிப்பைத் தொடங்கும் அணுக்கள் இதயத்திலேயே இருக்கின்றன. குளிர்நிலையில் வைத்த இதயம் ஏறத்தாழ 4 மணி நேரமும், சிறுநீரகம் ஒரு நாள் வரையும் தாங்கும். மூளைச்சாவை மரணமென 1994-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் ஏற்றது. 2008 செப்டம்பரில், விபத்தால் மூளைச்சாவுற்ற 15 வயது ஹிதேந்திரனின் உறுப்புகளை மருத்துவர்களான அவன் பெற்றோர் ஈந்தனர். அவன் இதயம் ஒரு சிறுமியின் மார்பில் துடித்தது. உறுப்புக் கொடையாளரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் எனத் தமிழ்நாடு அரசு 2023-இல் அறிவித்தது.

இவை பெரிய மருத்துவமனைகளில் மட்டுமே கைகூடுவன. நம் வீட்டில் மூப்பெய்தி இறக்கும் பெரியவரும் தரக்கூடியது ஒன்றுண்டு: கண்ணின் முன்புறத்து ஒளிபுகும் படலம். அதில் குருதிக்குழாய் இல்லை. தனக்கு வேண்டும் பிராணவாயுவைப் பெரிதும் வெளிக்காற்றிலிருந்தே பெறுகின்றது. ஆதலின் இறந்து 6 மணி நேரத்துக்குள் எடுத்தால் பிறர்க்குப் பயன்படும். கண்ணாடி அணிந்தவரும், கண்புரை அறுவை செய்துகொண்டவரும் தரலாம். முகம் விகாரப்படுவதில்லை.

சாவு வீட்டில் உறவினர்க்குச் சொல்லியனுப்பவே நேரம் போதாது; கண்ணை எவர் நினைப்பர்? உறுதிமொழிச் சீட்டு எழுதி வைத்திருந்தாலும் வீட்டார் இசைவு வேண்டும். ஆகவே உயிரோடிருக்கும்போதே மக்களிடம் கூறிவைக்க வேண்டும். உயிர் பிரிந்ததும் இமைகளை மூடி, ஈரப்பஞ்சை மேலே வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலையைத் தலையணையால் சற்று உயர்த்துக. கண் வங்கிக்கு உடனே தெரிவித்தால் அவர்கள் வீட்டுக்கே வருவர். அருகிலுள்ள கண் வங்கியின் தொலைபேசி எண்ணை இப்பொழுதே விசாரித்து, சங்கப் பாஸ் புத்தகத்தின் பின்னட்டையில் குறித்து வையுங்கள்.