கைமாறிய மிஷினும் பழைய நம்பரும்

சின்னமனூர்ப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டம். பழைய மோட்டார் ஒன்றை விலைபேசி வாங்கிக் கிணற்றில் இறக்கியிருந்தார்கள். கூடவே வந்தது செல்போன் ஸ்டார்ட்டர். மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் ஓடும்; மறுபடி கொடுத்தால் நிற்கும். தோட்டக்காரர் தன் போனிலிருந்து கூப்பிட்டார். பெட்டிக்குள் சின்ன விளக்கு ஒன்று மினுங்கி அணைந்தது, அவ்வளவுதான். இன்னொரு முறை கூப்பிட்டும் பயனில்லை. காயில் கட்டுகிறவர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, இது வித்தவரு நம்பருக்குத்தான் எந்திரிக்கும்."

விற்றவரைத் தேடிப் பிடித்து, அவர் போனிலிருந்து ஒரு குறுஞ்செய்தி அனுப்பி எண்ணை மாற்றிய பிறகே தண்ணீர் வந்தது. பெட்டிக்குள் இருப்பது ஒரு சிம், ஒரு ஜிஎஸ்எம் மாட்யூல், எண்களை நினைவில் வைக்கும் சில்லு, கான்டாக்டரை இழுக்கும் ரிலே. அழைப்பு வந்ததும் எண்ணை ஒப்பிட்டுப் பார்க்கும்; பொருந்தினால் ரிலே மூடும். ஊரில் யாரோ ஒருவர் தவறிக் கூப்பிட்டு மோட்டார் ஓடிவிடக் கூடாதே என்பதற்கான காவல் இது. நல்ல ஏற்பாடுதான். சாவி விற்றவர் கையில் இருந்தது, அவர் கொடுத்துவிட்டார்.

அந்தச் சாவி தயாரித்த நிறுவனத்திடமே இருந்தால் என்ன ஆகும்? அமெரிக்காவில் உடற்பயிற்சி சைக்கிள் வாங்கியவர்கள் இதற்கு விடை கண்டுவிட்டார்கள். கொரோனா ஊரடங்கில் பெலோட்டன் நிறுவனத்தின் திரை வைத்த சைக்கிள்கள் ஏராளமாக விற்றன. பிறகு அவற்றில் பல பழைய பொருளாகக் கைமாறத் தொடங்கின. 2024 ஆகஸ்டில் நிறுவனம் ஒரு கட்டணத்தை அறிவித்தது. இன்னொருவரிடமிருந்து நேரடியாக சைக்கிள் வாங்கிப் புதிதாகச் சந்தா சேருபவர், மாதச் சந்தாவுக்கு மேல் ஒருமுறை 95 டாலர் கட்ட வேண்டும். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 8,000 ரூபாய். கனடாவில் 125 கனடா டாலர். முதல் உரிமையாளர் முழு விலை கொடுத்து வாங்கிய அதே சைக்கிளுக்குத்தான் இந்தக் கட்டணம்.

பயிற்சி வகுப்பு நடத்தச் செலவு உண்டு, அதற்குச் சந்தா கேட்பது நியாயம். ஆனால் சைக்கிளின் வேலை என்ன என்று பாருங்கள். மிதித்தால் கனமான உலோகச் சக்கரம் சுழல்கிறது. குமிழைத் திருகினால் காந்தம் அதன் அருகே நகர்கிறது. காந்தப்புலத்துக்குள் உலோகம் சுழலும்போது அதனுள்ளேயே சுழல் மின்னோட்டம் பிறந்து, சுழற்சியை எதிர்க்கிறது. காலுக்குத் தெரியும் கனம் அதுதான், எதுவும் உரசுவதில்லை. சுற்றுகளை ஒரு சென்சார் எண்ணுகிறது. காந்தம் எங்கே இருக்கிறது, சக்கரம் எத்தனை முறை சுற்றுகிறது என்ற இரண்டையும் வைத்து எத்தனை வாட் என்று கணக்கிடலாம். இதில் ஓரிடத்திலும் இணையம் தேவையில்லை. இந்த அளவுகளை புளூடூத் வழியே எந்தச் செயலியும் படிப்பதற்கான பொதுத் தர நெறி 2017-லேயே வந்துவிட்டது.

ஆக, பூட்டு என்பது இயந்திரத்தின் தேவை அல்ல, பிறகு மென்பொருளால் போடுவது. 2025-ல் எஷலான் என்ற இன்னொரு உடற்பயிற்சி சைக்கிள் நிறுவனம் மென்பொருளைப் புதுப்பித்தபோது, இயந்திரம் இயங்கத் தொடங்கும்போதே நிறுவனத்தின் சர்வரைத் தொட வேண்டியதாயிற்று. இத்தாலிய மென்பொருளாளர் ராபர்டோ வியோலா உருவாக்கிய க்யூஇசட் செயலியை வைத்து வீட்டில் பயிற்சி செய்துவந்தவர்களின் இணைப்பு அறுந்தது. பூட்டைத் திறக்கும் வழியை ஒருவர் கண்டுபிடித்தார். ஆனால் 1998-ஆம் ஆண்டின் அமெரிக்க டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டம் குறுக்கே நின்றதால் அதை ஊருக்குக் கொடுக்க முடியவில்லை.

நம் சட்டம் இதைவிட மேல் என்றே நினைக்கிறேன். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஒரு மென்பொருளோடு வேறொன்றை இணைந்து இயங்க வைக்கத் தேவையான தகவல் வேறு வழியில் எளிதில் கிடைக்காதபோது, அதைத் தேடிப் பெற அனுமதிக்கிறது. அனுமதி யாருக்கு? முதலில் வாங்கியவருக்கு என்று சட்டம் சொல்லவில்லை. சட்டப்படி கையில் வைத்திருப்பவருக்கு என்கிறது. பழைய பொருள் வாங்கியவருக்கு இந்த ஒரு சொல் பெரிய பலம். 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவும், வாங்கியவர் பொருளை இடையூறின்றி வைத்து அனுபவிப்பார் என்பதை விற்பவரின் உத்தரவாதமாகவே கொள்கிறது. ஓட்டை ஒன்று உண்டு: அந்த உத்தரவாதம் விற்றவரைக் கட்டும், சர்வரை வைத்திருக்கும் நிறுவனத்தைக் கட்டுமா என்பது வேறு வழக்கு.

2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. அது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் விவசாயக் கருவிகளும் ஒன்று. உதிரிபாகமும் கையேடும் கிடைக்க வேண்டும் என்பதே அங்கே பேச்சின் மையம். பொருள் கைமாறும்போது சாவியும் கட்டணமில்லாமல் கைமாற வேண்டும் என்பதையும் அதில் சேர்த்தாக வேண்டும். ஏனென்றால் பம்புசெட் ஸ்டார்ட்டர்களிலும் சில மாடல்கள் இப்போது செயலிக்கும் சர்வருக்கும் போய்விட்டன. மிஸ்டு காலுக்கு ஓடிய மோட்டார் நாளை ஆண்டுச் சந்தாவுக்கு ஓடும்.

கம்பத்திலோ போடியிலோ சிறிய ஜிம் வைக்கப் பழைய டிரெட்மில் வாங்குகிறவர் ஒன்று செய்யலாம். பணத்தை எண்ணுவதற்கு முன் வைஃபையை அணைத்துவிட்டு இயந்திரத்தை ஓட்டிப் பாருங்கள். விற்பவர் தன் கணக்கிலிருந்து அதை நீக்குவதைக் கண்ணெதிரே பாருங்கள். பிழைப்புக்காகத் தானே நடத்தும் ஜிம்முக்கு வாங்கியவரும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர்தான். குடியிருக்கும் மாவட்டத்திலேயே, தேனி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே, வழக்குப் போடலாம்; கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் செய்தும் சொல்லலாம்.

சின்னமனூர்த் தோட்டக்காரர் ஸ்டார்ட்டர் பெட்டியின் மூடியைத் திறந்து காட்டினார். உட்புறத் தகட்டில், எண்ணை மாற்றும் குறுஞ்செய்தியை ஒரு எழுத்து விடாமல் வெள்ளை பெயின்டில் எழுதி வைத்திருக்கிறார். அடுத்து வாங்குகிறவருக்கு.