அத்தோ
அத்தோ என்பது நூடுல்ஸை நறுக்கிய காய்களுடன் கையால் பிசைந்து தரும் பர்மிய உணவு ஆகும். தமிழ்நாட்டில் இது முதன்மையாக வடசென்னையின் தெருவோர உணவாக அறியப்படுகிறது. சீனாவில் தோன்றிய கோதுமை நூடுல்ஸ் பர்மாவில் உருமாறி, அங்கிருந்து வெளியேறிய தமிழ்க் குடும்பங்களுடன் சென்னை வந்து, அவர்களுக்கு வாழ்வாதாரமாக ஆனதே இதன் வரலாறு.

பெயரும் தோற்றமும்

பர்மிய மொழியில் 'அத்தோ' என்பதற்குக் கலந்து பிசைந்தது என்று பொருள். சீனக் குடும்பங்களில் நூடுல்ஸ் நீண்ட ஆயுளின் அடையாளம். பிறந்தநாளன்று நீளமான நூடுல்ஸை அறுக்காமல் உண்பது அவர்களின் வழக்கம். சீன வணிகர்களும் குடியேறிகளும் கோதுமை நூடுல்ஸைப் பர்மாவில் பரப்பினர். அங்கு அது, காய்களையும் இலைகளையும் கையால் பிசைந்து உண்ணும் உள்ளூர் முறையுடன் கலந்தது. சூடாகக் குச்சிகளால் உண்ணப்பட்ட உணவு, ஆறவைத்துப் பிசையும் உணவாயிற்று.

பர்மாத் தமிழர்

ஆங்கிலேயர் 1852இல் கீழ்ப் பர்மாவைக் கைப்பற்றியபின் தமிழர்கள் பெருமளவில் அங்கு சென்றனர். நகரத்தார் வட்டித்தொழில் செய்தனர். பிறர் அரிசி ஆலைகளிலும் துறைமுகத்திலும் வயல்களிலும் உழைத்தனர். 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ரங்கூன் மக்கள்தொகையில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். சீனர் தெருக்களும் இந்தியர் தெருக்களும் அந்நகரில் அருகருகே இருந்தன.

1962இல் நே வின் தலைமையில் இராணுவ ஆட்சி ஏற்பட்டது. வணிக நிறுவனங்கள் அரசுடைமையாயின. 1964இல் 50, 100 கியாட் தாள்கள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டன. வெளியேறிய இந்தியர்கள் நகையும் பணமும் கொண்டுவரக் கடும் கட்டுப்பாடு இருந்தது. தலைமுறைகளாகச் சேர்த்ததை இழந்தே பலர் கப்பலேறினர். சமையல் அறிவை மட்டும் யாராலும் பறிமுதல் செய்ய முடியவில்லை.

வடசென்னையில்

தாயகம் திரும்பியோரில் பலர் வியாசர்பாடியிலும், இன்றைய திருவொற்றியூர் மண்டலத்தைச் சேர்ந்த எர்ணாவூரிலும் குடியமர்ந்தனர். எர்ணாவூரின் பர்மா நகர் என்ற பெயர் அவர்களை இன்றும் நினைவூட்டுகிறது. 1969இல் கடற்கரை இரயில் நிலையம் அருகே பர்மா பஜார் அமைந்தது. அதையொட்டிய தெருக்களில் அத்தோ கடைகள் பெருகின. தள்ளுவண்டி, அடுப்பு, சில பாத்திரங்கள் ஆகியவை இருந்தாலே கடை போடலாம் என்பதால், முதலீடு இல்லாத குடும்பங்களுக்கு இத்தொழில் பொருந்தியது.

செய்முறை

வேகவைத்து ஆறவைத்த நூடுல்ஸுடன் மெல்லியதாகச் சீவிய முட்டைக்கோஸ், வெங்காயம், புளிக்கரைசல், மிளகாய்த் தூள், உப்பு, கொத்தமல்லித்தழை ஆகியவை சேர்க்கப்படும். பூண்டைப் பொன்னிறமாகப் பொரித்த எண்ணெய் இழைகள் ஒட்டாமல் காக்கும், மணமும் அதனால்தான். வறுத்த கடலை மாவு சேர்த்தால் அது புளிக்கரைசலைக் கெட்டியாக்கி இழைகளில் படியவைக்கும். பேஜோ எனப்படும் மொறுமொறுப்பான பொரிப்பு நொறுக்கி இடப்படும். இறால் தூள் சேர்ப்பதும் உண்டு.

துணையாக வாழைத்தண்டு சூப் தரப்படும். இது மொய்ங்கா என்ற பர்மியக் காலை உணவின் குழம்பிலிருந்து வந்தது. பர்மாவில் அதில் மீன் இன்றியமையாதது. சென்னையிலோ சைவமாகவும் செய்கின்றனர். வேகவைத்த முட்டையைக் கீறி, பொரித்த வெங்காயமும் பூண்டும் புளியும் அடைத்துத் தரும் முட்டை மசாலாவும் பெயர்பெற்றது. நூடுல்ஸைக் கல்லில் வதக்கும் 'அத்தோ ஃப்ரை' சென்னைச் சுவைக்கேற்ப வளர்ந்த வகை.

குடும்பமும் பண்பாடும்

பிசைவது சில நொடி வேலைதான். ஆனால் பூண்டு உரித்தல், கோஸ் சீவுதல், வாழைத்தண்டு நறுக்குதல், பேஜோ பொரித்தல் எனக் கடை திறக்கும் முன்பே பல கைகள் உழைக்க வேண்டும். ஆகவே குடும்பமாகச் செய்வதற்கு ஏற்ற தொழிலாக இது அமைந்தது. பக்குவமும் வீட்டிலேயே அடுத்த தலைமுறைக்குக் கைமாறியது.

பர்மாவில் பிறந்து வளர்ந்த தலைமுறை இன்று முதுமையடைந்துவிட்டது. பர்மிய மொழி அறியாத வடசென்னை மக்களும் அத்தோ, பேஜோ, மொய்ங்கா என்ற சொற்களை நாள்தோறும் புழங்குகின்றனர். அந்நாட்டு வாழ்க்கையின் நினைவு ஏடுகளில் மட்டுமன்றி இக்கடைகளிலும் நிலைத்திருக்கிறது.