பிரிட்டிஷ் மியூசியம்: மன்னருக்கு ஏன் ஒரு சீட்?

பிரிட்டிஷ் மியூசியத்தின் அறங்காவலர் குழுவில் 25 இடங்கள். அதில் ஒருவரை நியமிப்பவர் பிரிட்டன் மன்னர். மியூசியம் நிர்வாகத்தில் அவருக்கு எதுக்கு ஒரு சீட்? காரணம், ஒரு நூலகம்.

புத்தகங்கள் வந்த கதை

மன்னர் மூன்றாம் ஜார்ஜ் பெரிய புத்தகப் பிரியர். அவர் சேர்த்தவை 65,000-க்கும் அதிகமான நூல்கள், சுமார் 19,000 துண்டுப் பிரசுரங்கள். 1823-ல் அவருடைய மகன் நான்காம் ஜார்ஜ் அத்தனையையும் நாட்டுக்கே கொடுத்துவிட்டார். அவற்றை வைக்க மியூசியத்தில் 'கிங்ஸ் லைப்ரரி' என்ற நீண்ட கூடம் கட்டப்பட்டது.

அதற்குச் சட்டம் எதற்கு?

மியூசியம், 1753-ல் நாடாளுமன்றச் சட்டம் மூலம் உருவானது. யாரெல்லாம் அறங்காவலர்கள் என்பதையும் அந்தச் சட்டமே சொன்னது. சேகரிப்புகளால் மியூசியத்துக்கு அடித்தளமிட்ட ஸ்லோன், காட்டன், ஹார்லி குடும்பங்களுக்கு அதில் இடம் உண்டு. கிட்டத்தட்ட நம்ம ஊர் கோயில்களின் பரம்பரை அறங்காவலர் மாதிரி.

மன்னரே நினைத்தாலும் புதிதாக ஒருவரைச் சேர்க்க முடியாது. அதனால் நூலகக் கொடைக்கு நன்றியாக, 1832-ல் தனிச் சட்டம் வந்தது. ஒரு அறங்காவலரை நியமிக்கும் உரிமை மன்னருக்குக் கிடைத்தது.

இப்போ என்ன நிலைமை?

1963-ம் ஆண்டுச் சட்டம் குடும்ப இடங்களை நீக்கியது. மன்னரின் இடம் தப்பியது.

1973-ல் மியூசியத்தின் நூலகப் பிரிவு தனியாகி, பிரிட்டிஷ் நூலகத்துடன் இணைந்தது. ஜார்ஜின் புத்தகங்கள் இன்று அதன் செயின்ட் பேங்க்ராஸ் கட்டடத்தில், ஆறு மாடிக் கண்ணாடிக் கோபுரத்தில் இருக்கின்றன. அந்த நூலக வாரியத்திலும் ஒருவரை மன்னர் நியமிக்க 1972-ம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. ஆக, புத்தகங்கள் இடம் மாறியும் மியூசியத்தில் சீட் போகவில்லை. நூலகத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது.

அதிகாரம் யார் கையில்?

மியூசியத்தின் 25 பேரில் 15 பேரை நியமிப்பவர் பிரதமர். 4 பேரை அறிஞர் அமைப்புகளின் பரிந்துரைப்படி அமைச்சர் நியமிக்கிறார். 5 பேரை அறங்காவலர்களே தேர்ந்தெடுக்கிறார்கள்.

இந்தக் கணக்கு முக்கியம். சேகரிப்பில் உள்ள பொருள்களைக் கைமாற்ற 1963-ம் ஆண்டுச் சட்டம் மிகக் குறைந்த விதிவிலக்குகளையே தருகிறது. அந்த விதிவிலக்குகளிலும் முடிவெடுப்பது அறங்காவலர்கள்தான். பார்த்தெனான் சிற்பங்களைக் கேட்கும் கிரீஸுக்கும் இதே சட்டம்தான் குறுக்கே நிற்கிறது. மன்னரின் சீட் கண்ணில் படும். ஆனால் பெரும்பான்மை பிரதமர் நியமித்தவர்களிடம் இருக்கிறது.