கல்லாற்றங்கரையும் ஓர் ஆய்வு நிறுவனமும்

நுழையும்முன்

அறிவியல் ஆய்வு நிறுவனம் என்றதும் நுண்ணோக்கியும் சோதனைக்குழாயும் நம் நினைவுக்கு வருகின்றன. அங்குப் பணிபுரிவோரைக் கிழமைதோறும் வழிநடத்தும் இயக்குநரின் பணி எத்தகையது? அகத்தியமலைத் தொடரின் மேற்குச் சரிவில் நிகழ்ந்த ஒரு வரலாற்றின் வழியே அதனை அறிவோம்.

மலையும் மக்களும்

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குச் செல்லும் சாலையில், மலையடிவாரத்தில் கல்லாறு என்னும் ஊர் உள்ளது. உருண்டு திரண்ட கற்களுக்கிடையே ஓடும் ஆற்றின் பெயரே ஊருக்கும் பெயராயிற்று. கல், ஆறு என்னும் இரு சொற்களும் தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவானவை. இம்மலைத் தொடரில், தமிழர் பொதிகை எனப் போற்றும் பகுதியின் கிழக்குச் சரிவில் தாமிரபரணி தோன்றுகிறது. தொடரின் இருபுறமும் வாழ்பவர்கள் காணி மக்கள். தமிழும் மலையாளமும் கலந்த பேச்சுடைய இவர்கள், மூலிகை அறிவிற் சிறந்தவர்கள்.

கல்லாற்றுக்கு அருகே, திருவனந்தபுரத்திலிருந்து செங்கோட்டைக்குச் செல்லும் சாலையில் பாலோடு அமைந்துள்ளது. அங்கு 1979ஆம் ஆண்டு கேரள அரசு வெப்பமண்டலத் தாவரத் தோட்ட ஆராய்ச்சி நிறுவனத்தை நிறுவியது. தாவரவியல் பேராசிரியர் ஏ. ஆபிரகாம் அதன் முதல் இயக்குநர் ஆவார். ஏறத்தாழ 300 ஏக்கர் பரப்புள்ள அந்நிறுவனம் இன்று சவகர்லால் நேருவின் பெயரைத் தாங்கியுள்ளது.

இயக்குநரின் கிழமை

இத்தகைய நிறுவனத்தின் இயக்குநருக்குத் திங்கட்கிழமை ஆய்வுக்கூடத்தில் மட்டும் தொடங்குவதில்லை. செடிகளுக்கு விடுமுறை இல்லை. கோடையில் நாற்றுகளுக்கு நீர் வேண்டும். பருவமழையில் பசுமைக்குடில்களைக் காக்க வேண்டும். தோட்டப் பணியாளர் ஒரு நாள் தவறினால், பல ஆண்டுகள் பேணிய அரிய செடி வாடிவிடக்கூடும்.

ஆய்வாளர்களின் தேவை வேறு. ஒருவருடைய கருவி பழுதாகியிருக்கும். மற்றொருவருக்குக் காட்டினுள் செல்ல வனத்துறையின் இசைவு வேண்டியிருக்கும். ஒருவருடைய சோதனை எதிர்பார்த்த முடிவைத் தந்திராது. அவரைக் கடிந்துகொள்வதா, மீண்டும் முயலச் சொல்வதா, அத்திட்டத்தையே நிறுத்துவதா என்பதை இயக்குநரே முடிவு செய்ய வேண்டும். இவற்றோடு அரசுக்கு அறிக்கை அனுப்புதல், செலவுக் கணக்கைச் சரிபார்த்தல், புதியவர்களைத் தேர்ந்தெடுத்தல் ஆகியனவும் உண்டு. இவை செய்தித்தாளில் இடம்பெறுவதில்லை. ஆயினும், இவற்றுள் ஒன்று தடைப்பட்டாலும் ஆய்வு தடைப்படும்.

களைப்பை நீக்கிய கனி

1987ஆம் ஆண்டு அறிவியலாளர் குழு ஒன்று அகத்தியமலைக் காடுகளில் ஆய்வுப் பயணம் மேற்கொண்டது. அக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர் முனைவர் பி. புஷ்பாங்கதன். ஏற்றத்தில் அறிவியலாளர்கள் களைத்தனர். வழிகாட்டிகளாக வந்த காணி இளைஞர்களோ சிறு கனிகளை உண்டு, சோர்வின்றி நடந்தனர். அக்கனிகளை அறிவியலாளர்களும் உண்டு புத்துணர்வு பெற்றனர்.

அது எந்தச் செடியின் கனி என்று கேட்டபோது இளைஞர்கள் தயங்கினர். முன்னோர் காத்த அறிவை வெளியாருக்குச் சொல்லலாகாது என்பது அவர்களின் மரபு. அவ்வறிவைத் தவறாகப் பயன்படுத்துவதில்லை என்ற உறுதியைப் பெற்ற பின்னரே ஆரோக்கியப்பச்சை என்னும் அச்செடியைக் காட்டினர்.

பின்னர்ப் புஷ்பாங்கதன் பாலோட்டு நிறுவனத்தின் இயக்குநரானார். அங்குச் செடியின் இலையிலும் பயன்மிக்க பொருள்கள் இருப்பது ஆராயப்பட்டது. ஆரோக்கியப்பச்சையுடன் வேறு மூன்று மூலிகைகளைச் சேர்த்து ‘ஜீவனி’ என்னும் மருந்து உருவாக்கப்பட்டது. அதனைத் தயாரிக்கும் உரிமம், 10 இலட்சம் ரூபாய்க்கும் விற்பனையில் 2 விழுக்காட்டுப் பங்கிற்குமாகக் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய மருந்தகத்துக்கு வழங்கப்பட்டது.

பாதிப் பங்கு

இப்போது நிறுவனத்தின் முன் ஒரு வினா எழுந்தது. ஆய்வு செய்தவர்கள் அறிவியலாளர்கள். ஆனால் செடியைக் காட்டியவர்கள் காணி மக்கள். வருவாய் யாருக்கு உரியது?

பங்கு கொடுத்தே ஆக வேண்டும் என்ற சட்டம் அப்போது இந்தியாவில் இல்லை; உயிரியல் பன்மைச் சட்டம் 2002ஆம் ஆண்டில்தான் இயற்றப்பட்டது. ஆயினும், கிடைப்பதில் பாதி காணி மக்களுக்கே என்று நிறுவனம் முடிவு செய்தது. அத்தொகையைப் பெறுவதற்கென 1997ஆம் ஆண்டு காணி மக்களின் நல அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டது. 1999ஆம் ஆண்டு ஐந்து இலட்சம் ரூபாய்க்குச் சற்று மிகுதியான தொகை அதனிடம் சேர்ந்தது.

காட்டில் கேட்ட ஒரு வினாவுக்கும் கையில் சேர்ந்த பணத்துக்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. எத்தனை கூட்டங்கள், எத்தனை கடிதங்கள், எத்தனை கிழமைகள் அவற்றுள் அடங்கியிருக்கும்!

எல்லாம் குறையின்றி நடந்தேறவில்லை. தங்களை முன்கூட்டியே கலந்து பேசவில்லை என்று வேறு பகுதிகளைச் சேர்ந்த காணி மக்கள் சிலர் வருந்தினர். காட்டுச் செடிகள் அழிந்துவிடும் என்று அஞ்சிய வனத்துறை, இலை சேகரிப்பதற்குத் தடை விதித்தது. நல்ல நோக்கம் மட்டும் போதாது. உரியவர் அனைவரையும் தேடிச் சென்று கேட்கும் பொறுமையும் வேண்டும் என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது. ஆயினும், மரபறிவுக்கு உரியவர்களோடு பயனைப் பகிரலாம் என்பதற்கு உலக நாடுகள் எடுத்துக்காட்டும் முன்னோடி முயற்சியாக இது விளங்குகிறது.

கல்லாற்றுக் காட்டில் வாழும் காணி மருத்துவர் இலட்சுமிக்குட்டி அம்மையாருக்கு 2018ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. நூற்றுக்கணக்கான மூலிகை மருந்துகளை அவர் நினைவிலேயே காத்துவந்தார். ஆய்வுக்கூடத்தில் மட்டுமன்றிக் காட்டுக் குடிசையிலும் அறிவு வாழ்கிறது. இவ்விரண்டையும் மதித்து, கொடுத்த வாக்கைக் கிழமைதோறும் காப்பதே ஆய்வு நிறுவனத்தை வழிநடத்துவோரின் தலையாய கடமையாகும்.

சொல்லும் பொருளும்

கிழமை – வாரம்
இசைவு – ஒப்புதல்
சரிவு – மலையின் சாய்வான பக்கம்
உரிமம் – ஒன்றைச் செய்வதற்கு அளிக்கப்படும் உரிமை
மரபறிவு – வழிவழியாக வரும் அறிவு

பயிற்சி

1. பிரித்து எழுதுக: கல்லாறு, மரபறிவு.
2. காணி இளைஞர்கள் செடியைக் காட்டத் தயங்கியது ஏன்?
3. இயக்குநர் கிழமைதோறும் ஆற்றும் பணிகளுள் நான்கினை எழுதுக.
4. சட்டம் இல்லாதபோதும் பாதிப் பங்கு அளித்தது சரியா? நும் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
5. நும் பாட்டியிடமோ தாத்தாவிடமோ ஒரு கைமருந்தைக் கேட்டறிந்து, அதனைச் சொன்னவர் பெயருடன் ஐந்து வரிகளில் எழுதுக.