கம்பிக்கும் கிளைக்கும் நடுவில் எவ்வளவு இடம் வேண்டும்?

மாதத்தில் ஒரு நாள் செய்தித்தாளில் அந்த அறிவிப்பு வரும்: பராமரிப்புப் பணிகளுக்காகக் காலை 9 மணி முதல் மதியம் 2 மணி வரை கீழ்க்கண்ட பகுதிகளில் மின்விநியோகம் இருக்காது. அன்றைக்குத் தெருவில் இறங்கினால் ஏணி, கயிறு, அரிவாள், கீழே குவிந்து கிடக்கும் வேப்பங்கிளைகள். "இலை வெட்டுறதுக்கா அஞ்சு மணி நேரம் கரண்டை நிறுத்துறாங்க?" என்று யாராவது ஒருவர் அலுத்துக்கொள்வார்.

நானும் அலுத்துக்கொண்டவன்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் வாசல் வேம்பை வெட்ட வந்தவர்களிடம், "அண்ணே, மொத்தமா மொட்டையடிச்சிருங்க, அடுத்த வருஷம் வர்ற வேலை மிச்சம்" என்று சொன்னதே நான்தான். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அதே வேம்பு, துடைப்பத்தைத் தலைகீழாக நிறுத்தினதுபோல நேராகக் கம்பிக்குள் புகுந்திருந்தது. ஏன் அப்படி ஆனது என்று தேடப்போய்ச் சேர்ந்த குறிப்புகள் இவை.

மூன்று கம்பிகள், 5 கோடிப் பேர்

கிளைகளை வெட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மிகப்பெரிய சாட்சி அமெரிக்காவில் இருக்கிறது. 2003 ஆகஸ்ட் 14. ஒஹையோ மாநிலத்தில் ஃபர்ஸ்ட்எனர்ஜி நிறுவனத்தின் 345 கிலோவோல்ட் பாதைகளில் ஒன்று பிற்பகல் 3:05 மணிக்குத் துண்டித்துக்கொண்டது. 3:32-க்கு இரண்டாவது, 3:41-க்கு மூன்றாவது. மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான்: கீழே வளர்ந்திருந்த மரம். அதே நேரம் கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மணி அடிக்க வேண்டிய மென்பொருள் செயலிழந்து கிடந்ததால், ஆபத்து நெருங்குவது அங்கிருந்தவர்களுக்குத் தெரியவில்லை. விழுந்த பாதைகளின் சுமை மற்ற பாதைகளின் தலையில் ஏற, அவையும் ஒவ்வொன்றாகத் துண்டித்துக்கொண்டன. 4:15-க்குள் நியூயார்க், டெட்ராய்ட், கனடாவின் டொரன்டோ எல்லாம் இருட்டு. பாதிக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய 5 கோடிப் பேர்.

இதில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது ஒரு சின்ன விவரம். முதலில் விழுந்த பாதையில் அப்போது போய்க்கொண்டிருந்தது அதன் அவசரகாலத் தாங்குதிறனில் 44 சதவீதம் மட்டுமே. பாதிகூட இல்லை. கம்பி ஒன்றும் களைத்துப்போய் விழவில்லை. இடம் இல்லாமல் விழுந்தது.

அதே வருஷம் செப்டம்பர் 28 அதிகாலையில், சுவிட்சர்லாந்தில் ஒரு உயரழுத்தக் கம்பியிலிருந்து மரத்துக்கு மின்சாரம் பாய்ந்தது. அதன் தொடர்ச்சியாக, சார்டீனியா தீவு நீங்கலாக இத்தாலி முழுவதும் இருண்டது.

கம்பி அசையாமல் இருப்பதில்லை

நாம் கம்பியை ஓரிடத்தில் நிற்கிற பொருளாகப் பார்க்கிறோம். உண்மையில் அது தினமும் ஏறி இறங்குகிறது. மின்சாரம் அதிகம் ஓடினால் சூடு, வெயில் அடித்தால் சூடு. சூடானால் உலோகம் நீளும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். இரண்டு கோபுரங்களுக்கு நடுவே 300 மீட்டர். கம்பி நடுவில் 8 மீட்டர் தொய்ந்திருக்கிறது. வெப்பம் 40 டிகிரி கூடினால், உள்ளே எஃகு வைத்த அலுமினியக் கம்பி சுமார் 24 சென்டிமீட்டர் நீளும். 'ஒரு சாண்தானே' என்று தோன்றும். ஆனால் இரண்டு முனையும் கட்டப்பட்டிருப்பதால் அந்த நீளமெல்லாம் தொய்வாகத்தான் மாற வேண்டும். நடுப்பகுதி ஒரு மீட்டருக்கும் மேலாகக் கீழே இறங்கிவிடும். காலையில் பார்த்தபோது மரத்துக்கு மேலே தாராளமாக இருந்த இடம், பிற்பகலில் எல்லாரும் ஏசி போட்டபிறகு இருக்காது. உயரழுத்தக் கம்பியை மரம் தொட வேண்டும் என்றும் இல்லை. நெருங்கினாலே காற்றைக் கிழித்துக்கொண்டு மின்சாரம் பாய்ந்துவிடும்.

நம் தெருவில் கதை வேறு

பெரிய பாதையில் மரம் பட்டால் பாதுகாப்புக் கருவி கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். ஊர் இருட்டாகும், அங்கே பிரச்சனை அது. தெருக்கம்பியில் நேர் எதிர்: மரம் பட்டும் துண்டிக்காமல் இருப்பதுதான் பிரச்சனை.

11,000 வோல்ட் பாதையில் ஒரு கம்பிக்கும் பூமிக்கும் இடையே ஏறக்குறைய 6,350 வோல்ட். பச்சை மரம் மின்சாரத்தைக் கடத்தும், ஆனால் மோசமாகக் கடத்தும். அதன் தடை 50,000 ஓம் என்று வைத்துக்கொண்டால், மரம் வழியாக இறங்குவது 0.13 ஆம்பியர். பல ஆம்பியர் வந்தால்தான் உருகும் ஃபியூஸுக்கு இது கணக்கிலேயே வராது. ஆனால் மனித இதயத்தை நிறுத்த 0.1 ஆம்பியர் போதும். ஈர மரத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறவர் உடம்பில் அதில் எவ்வளவு பங்கு பாயும் என்பது காலில் செருப்பு உண்டா, தரை எவ்வளவு ஈரம் என்பதைப் பொறுத்தது. அதை யாரும் பரிசோதித்துப் பார்க்க வேண்டாம்.

கிளை முறிந்து விழுந்து கம்பி அறுந்தாலும் இதே கதைதான். காய்ந்த தரையிலோ தார் ரோட்டிலோ கிடக்கும் கம்பி, ஃபியூஸ் போகாமல் உயிரோடே கிடக்கலாம். அதாவது, மரம் சம்பந்தப்பட்ட இந்த ஆபத்தைக் கருவி கண்டுபிடிக்கும் என்று நம்பி இருக்க முடியாது. கம்பிக்கும் கிளைக்கும் நடுவே விட்ட வெற்றிடம்தான் ஃபியூஸ். மாதாந்திர வெட்டு அந்த ஃபியூஸை மாற்றுகிற வேலை.

சரி, மொட்டையடித்தால் என்ன?

இங்கேதான் என் தப்பு. தலையை மொத்தமாக வெட்டினால் மரத்துக்குச் சாப்பாடு தயாரிக்கும் இலை போய்விடுகிறது. பட்டைக்கடியில் தூங்கிக்கொண்டிருந்த மொட்டுகளெல்லாம் ஒரே நேரத்தில் விழித்து, கொத்துக் கொத்தாகத் துளிர்த்து, வேக வேகமாக மேலே போகும். இந்தக் குச்சிகளுக்குத் தாய்மரத்தோடு பிடிப்பும் குறைவு. ஆக, முன்னைவிடச் சீக்கிரம் கம்பியைத் தொடும். காற்றில் முன்னைவிடச் சுலபமாக முறியும்.

அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களைப் பிளந்து பார்த்துச் சொன்னது இது: மரத்தின் காயம் நம் தோல்போல ஆறுவதில்லை. அழுகிய பகுதியைச் சுற்றி மரம் சுவர் எழுப்பி அடைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். கிளை பிறக்கும் இடத்தில் லேசாகப் புடைத்த ஒரு வளையம் இருக்கும். அதைச் சேதப்படுத்தாமல், அதற்குச் சற்று வெளியே வெட்டினால் அந்தச் சுவர் நன்றாக எழும். நடுக்கிளையில் வெட்டிக் குச்சியாக விட்டால் அழுகல் உள்ளே இறங்க வழி கிடைக்கும்.

ஆகவே நல்ல முறை: கம்பியை நோக்கிப் போகும் கிளையை அடிவரை எடுப்பது, விலகிப் போகும் கிளையை விட்டுவைப்பது. மரத்தின் வளர்ச்சி அந்தப் பக்கம் திரும்பும். பார்க்க மரம் கோணலாகத்தான் தெரியும். ஆனால் அடுத்த வெட்டு வரை கூடுதல் காலம் கிடைக்கும். தென்னைக்கு இது பொருந்தாது. அதற்கு ஒரே குருத்து, உச்சியை வெட்டினால் மரமே போச்சு. கம்பிக்குப் பக்கத்தில் தென்னை வைக்காமல் இருப்பதுதான் ஒரே வழி. கம்பிக்கு நேர் கீழே ஏதாவது வைத்தே ஆக வேண்டுமென்றால் செம்பருத்தி, நந்தியாவட்டை, பவளமல்லி போதும்.

இதையெல்லாம் படித்துவிட்டு நாமே அரிவாளை எடுக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரும்புத் துரட்டியால் முருங்கைக்காய் பறிக்கப்போய்க் கம்பியில் பட்டு உயிரை விட்ட செய்தியை நாம் எல்லாரும் படித்திருக்கிறோம். கிளை கம்பியைத் தொட்டால் 94987 94987 என்ற மின்னகம் எண்ணுக்குச் சொல்லலாம். கம்பியை அணைத்துவிட்டு வெட்டத்தான் அந்த ஐந்து மணி நேரம்.

எங்கள் வேம்பில் இப்போது ஏழெட்டுத் துடைப்பக் குச்சிகள் இருக்கின்றன. அடுத்த முறை ஏணியோடு வருகிறவர்களிடம் ஒன்று கேட்பதாக இருக்கிறேன்: "அண்ணே, வீட்டுப் பக்கம் சாயுற ரெண்டை மட்டும் விட்டுருங்க, மத்ததை அடியோட எடுத்துருங்க." டீயும் போட்டுக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். கேஸ் அடுப்புக்குக் கரண்ட் வேண்டாமே.