கொடி ஒன்று, சார்பு நூறு

பெரும்பாலும் எந்த மென்பொருளும் தனித்து இயங்குவதில்லை. கோப்பைச் சுருக்கவும் எழுத்துருவைத் திரையில் வரையவும் வேண்டிய நிரல்களைப் பிறர் எழுதிய நிரல் நூலகங்களிலிருந்தே அது பெற்றுக்கொள்கிறது. இவ்வாறு ஒன்று மற்றொன்றை நம்பி நிற்பது சார்பு எனப்படும். லினக்ஸ் போன்ற இயங்குதளங்களில் இச்சார்புகளைக் கண்டறிந்து, உரிய பதிப்புகளை நிறுவித் தரும் கருவியே பொதி மேலாளர்.

மூலநிரலைக் கணினி இயக்கத்தக்க வடிவுக்கு மாற்றும் தொகுத்தலின்போது எந்த வசதிகள் சேர வேண்டும் என்று குறிப்பவை விருப்பத்தேர்வுகள். உரை எழுதப் பயன்படும் விம் என்னும் மென்பொருளைப் பைத்தான் ஆதரவோடு தொகுத்தால், பைத்தானும் சார்புப் பட்டியலில் ஏறிவிடும். டெபியன் என்னும் லினக்ஸ் வெளியீட்டில் இத்தேர்வைப் பராமரிப்பாளர்களே செய்து, விம்-டைனி, விம்-நாக்ஸ் எனத் தனித்தனிப் பொதிகளாக முன்கூட்டியே தொகுத்து வைக்கின்றனர். 2002இல் முதல் பதிப்பு கண்ட ஜென்டூ என்னும் லினக்ஸ் வெளியீட்டிலோ, ‘யூஸ்’ கொடிகள் எனப்படும் குறிகளால் பயனரே தேர்ந்து தம் கணினியிலேயே தொகுத்துக்கொள்கிறார்.

இந்தச் சுதந்திரத்துக்கு விலையுண்டு. ஃப்ரீடைப், ஹார்ஃப்பஸ் ஆகிய இரு எழுத்துரு நூலகங்களும் சில கொடிகளின்கீழ் ஒன்றையொன்று சார்ந்து நிற்பதால், முதலில் ஹார்ஃப்பஸ் ஆதரவின்றி ஃப்ரீடைப்பைத் தொகுத்து, பின்பு ஹார்ஃப்பஸைத் தொகுத்து, மீண்டும் ஃப்ரீடைப்பை முழுமையாகத் தொகுக்க நேரிடுகிறது. மேலும், பத்துக் கொடிகள் 1,024 சேர்க்கைகளையும் இருபது கொடிகள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவற்றையும் தருமாதலால், அனைத்தையும் சோதித்தல் எவர்க்கும் இயலாது. மேக் கணினிகளில் பரவலாக வழங்கும் ஹோம்ப்ரூ என்னும் பொதி மேலாளர் 2019இல் தன் முதன்மைத் திரட்டிலிருந்து விருப்பத்தேர்வுகளை நீக்கியது. பலர் முணுமுணுத்தாலும், தன்னார்வலர்கள் நடத்தும் திட்டத்துக்கு அது தக்க முடிவே.

ஆயினும் தேர்வைப் பிறரிடம் விடுவதும் இடரற்றதன்று. தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்ஹெச், எக்ஸ்இசட் என்னும் சுருக்க நூலகத்தை இயல்பாகச் சார்ந்ததன்று. லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியோடு இணைவதற்காகச் சில லினக்ஸ் வெளியீடுகள் செய்த மாற்றம், சிஸ்டம்டியின் நூலகம் வழியே அதை உள்ளே இழுத்து வந்தது. 2024 மார்ச்சில் மென்பொருள் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் கண்டுபிடித்த கள்ளவழி, எக்ஸ்இசட்டின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒளிந்து, இந்தச் சார்புச் சங்கிலியையே குறிவைத்திருந்தது. அவ்வாண்டு ஜூனில் வெளியான சிஸ்டம்டி 256 முதல், எக்ஸ்இசட் நூலகம் தேவைப்படும்போது மட்டுமே ஏற்றப்படுகிறது.