லாவெல் துரையும் எங்க தாத்தாவும்

போன சனிக்கிழமை லா ஷப்பேல் போயிருந்தேன். அரிசி, முருங்கைக்காய், தேங்காயெண்ணெய்னு வழக்கமான பட்டியல். கூடவே அம்மா சொன்ன ஒரு வேலை: தங்கச்சி கல்யாணத்துக்கு இங்கே நகை என்ன விலைன்னு விசாரிக்கணுமாம். பிரெஞ்சுக்காரங்க கடையில் பெரும்பாலும் 18 காரட்தான். 22 வேணும்னா நம்மாட்கள் கடைக்குத்தான் வரணும். ஃபோபூர் சாந்தெனி தெருவில் ஒரு கடைக்குள் நுழைந்தேன்.

"தம்பி இந்தியாவோ? எந்த இடம்?"

"வாணியம்பாடி பக்கம்ணே. தாத்தா கோலார் தங்கச் சுரங்கத்துல வேலை பார்த்தவர்."

"அப்ப வீட்டில நல்லாத் தங்கம் இருக்கும், என்ன?" என்று சிரித்தார் கடைக்காரர்.

நானும் சிரித்து வைத்தேன். திரும்பி வரும்போது மெட்ரோவில் அதுவே மண்டைக்குள் ஓடியது. அதான் இந்தப் பதிவு.

கோலாரில் நவீன சுரங்கத்துக்கு முதல் உரிமம் வாங்கியவர் மைக்கேல் ஃபிட்ஸ்ஜெரால்ட் லாவெல். ஐரிஷ்காரர், சிப்பாய். நியூசிலாந்தில் மாவோரிகளோடு நடந்த சண்டைக்குப் போய், தங்க ஆசையையும் ஒட்டவைத்துக்கொண்டு, 1871இல் பெங்களூர் கண்டோன்மென்டில் வந்து குடியேறினார். சும்மா உட்கார முடியாமல் பழைய அறிக்கைகளைப் புரட்டியதில் ஜான் வாரன் எழுதியது கண்ணில் பட்டது.

இந்த வாரன் ஒரு சுவாரசியமான ஆள். பேர்தான் ஆங்கிலம், அயர்லாந்து வம்சாவளியில் வந்த பிரெஞ்சுக்காரர்! திப்பு வீழ்ந்த பிறகு மைசூர் எல்லையை அளக்க வந்த இடத்தில், தங்கம் காட்டினால் பரிசு என்று அறிவித்தார். ஜனங்கள் வண்டி வண்டியாக மண்ணைக் கொண்டுவந்து அவர் கண்ணெதிரே கழுவிக் காட்டினார்கள். மாரிகுப்பத்தில் உள்ளூர் ஆட்கள் ஏற்கெனவே குழி தோண்டித் தங்கம் எடுத்துக்கொண்டிருந்ததையும் எழுதி வைத்தார். அதாவது யாரும் எதையும் 'கண்டுபிடிக்க'வில்லை. பிற்காலத்தில் நம்ம பஞ்சாங்கக் கணக்கைப் பற்றி ஒரு தடிப் புத்தகமும் எழுதிவிட்டு, 1830இல் பாண்டிச்சேரியில் காலமானார்.

லாவெல் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு கோலாருக்குப் போய்ப் பார்த்தார். 1873இல் மைசூர் அரசுக்கு விண்ணப்பம் போட்டு, 1875இல் 20 வருஷத்துக்கு உரிமம் வாங்கினார். ஆழம் போகப் போகக் கைக்காசு கரைந்தது. ரெண்டே வருஷத்தில் வேறு ஆட்களிடம் உரிமத்தைக் கைமாற்றினார். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த பிறகுதான் தங்கம் கொட்டியது. இன்றைக்கும் பெங்களூரில் லாவெல் ரோடு இருக்கிறது. கைவிட்டுப் போனவருக்கு ரோடு!

தோண்டினவர்கள் வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கத்திலிருந்து பிழைக்கப் போன நம்ம ஜனம், அதிலும் பெரும்பாலும் சேரியிலிருந்து போனவர்கள். 1930இல் எல்லோரும் கைரேகை வைக்கணும் என்று கம்பெனி சொன்னபோது, நாங்கள் திருடர்களா என்று 21 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். விசாவுக்குப் பத்து விரலையும் கண்ணாடியில் வைத்து நின்ற எனக்கு, அதைப் படித்தபோது கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது.

தாத்தா இறங்கியது சாம்பியன் ரீஃப். கடைசியில் 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போன சுரங்கம். கூண்டில் இறங்கும்போது காது அடைக்கும், கீழே போனால் கோவணத்தோடு நிற்கிற சூடு என்பார். திடீரென்று பாறை வெடித்துச் சிதறுவதற்கு அங்கே பேர் 'ஏர் பிளாஸ்ட்'. வீட்டில் யாராவது கதவை அறைந்து சாத்தினால் தாத்தா எழுந்து நின்றுவிடுவார். வெளியே வரும்போது உடம்பெல்லாம் தடவிச் சோதனை. முப்பது வருஷம் தங்கப் பாறையை உடைத்த மனுஷனின் வீட்டில், பாட்டி தாலியில் இருந்ததைத் தவிரக் குண்டுமணித் தங்கம் கிடையாது.

வேலையை விட்டதும் வந்த பணத்தில் ஊரில் ரெண்டு ஏக்கர் கொல்லைமேடு வாங்கினார். முதல் வேலையாகக் கிணறு. பாறையைத் தட்டிப் பார்த்து எங்கே தோட்டா வைக்கணும் என்று அவரே சொன்னாராம். அப்புறம் சுத்துப்பட்டில் யார் கிணறு வெட்டினாலும் தாத்தாவைத்தான் கூப்பிடுவார்கள். மல்லாட்டை, கேழ்வரகு போட்டார். களை எடுக்கும்போது பாதியில் உட்கார்ந்து இருமுவார். சுரங்கத் தூசு நுரையீரலை விட்டுப் போகவே இல்லை. 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடிட்டாங்கன்னு அப்பா வந்து சொன்னபோது, "தண்ணி ஏறிடுமே, அத்தனையும் முழுகிடுமே" என்று மட்டும் சொன்னார்.

அப்பா இப்போது விற்கப் பார்ப்பது அந்த ரெண்டு ஏக்கரைத்தான். எதற்கு? தங்கச்சிக்கு நகை போட.

விலையை இன்னும் அம்மாவிடம் சொல்லவில்லை. தங்கச்சிக்கு மட்டும் போன் போட்டேன். "எனக்கு அவ்ளோ நகை வேணாம்ணா, நான் சொன்னா யாரும் கேக்க மாட்டேங்கறாங்க. கெணறு இருக்கிற பக்கத்தையாவது விடச் சொல்லு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் பேசணும்.